பசுவின் பெயர் ராசாத்தி

“மாட்டுக்குப் பேரு இருக்குது, எனக்கு இல்லியா?”

ஞாயிற்றுக்கிழமை காலை. இன்னும் காபி உள்ளே போகவில்லை. ஒரு கையில் பால் பாத்திரம், மறு கையில் பேப்பரோடு வாசலில் நிற்கிறீர்கள். பால் ஊற்ற வந்தவர் திடீரென்று இப்படி ஒரு கேள்வி கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான் பேப்பரை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். நானாகப் போய் விலைக்கு வாங்கிய வம்பு இது.

நடந்தது என்னவென்றால், பேப்பரோடு வரும் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கத்துக்கு ஒரு படம் போட்டிருந்தார்கள். பட்டணத்தில் ஒரு பல்கலைக்கழகத்து மியூசியத்தில் ஓவியக் கண்காட்சியாம். நம் பக்கத்து ஊர்களில் வந்து தங்கிய வெளிநாட்டுக்காரர்கள் வரைந்த படங்கள். யார் யாரோ கொடுத்து, அங்கே கிடங்கில் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தவற்றைத் தூசி தட்டி வெளியே எடுத்து மாட்டியிருக்கிறார்கள். கண்காட்சி முடிந்ததும் அதையெல்லாம் புத்தகமாகவும் போடப்போகிறார்களாம்.

பேப்பரில் வந்திருந்த ஓவியத்தில் பின்னால் ஒரு மலை. முன்னால் ஒரு பசு. பசுவின் கழுத்தில் கை போட்டுக்கொண்டு ஒரு பெண்.

மலையைப் பார்த்தேன் — நம்ம மலை. அடி அண்ணாமலைப் பக்கமிருந்து பார்த்தால் தெரிகிற தோற்றம். பெண்ணைப் பார்த்தேன்... அட, இந்த மூக்கையும் இந்த முறைப்பையும் தினமும் காலையில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்? சாட்சாத் எங்கள் பால்காரம்மா!

பால்காரம்மா அடி அண்ணாமலைக்காரர். விடிந்ததும் புருஷனின் சைக்கிள் கேரியரில், மடியில் பால் தூக்கோடு வந்து இறங்குவார். அவரைச் செங்கம் ரோட்டில் எங்கள் தெரு முனையில் இறக்கிவிட்டு, புருஷன் ஏழுமலை டீக்கடைகளுக்குப் பால் கொடுக்கப் போய்விடுவார். வீடுகள் அம்மாவுக்கு, கடைகள் அய்யாவுக்கு. இதுதான் அவர்கள் ஏற்பாடு.

படத்தைக் காட்டியதும் பால்காரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளில் அவர்கள் ஊருக்கு வந்து வந்து வரைவாராம். ஊரில் அவருக்குப் ‘படம் சாமி’ என்று பெயர். (நம் ஊரில் தாடி வைத்த எந்த வெள்ளைக்காரர்தான் சாமி இல்லை?) ஒருநாள் மாட்டுக் கொட்டகை வாசலில் இவரையும் பசுவையும் நிற்கவைத்து மத்தியானம் வரை வரைந்தாராம். பசு கூட நடுவில் படுத்துக்கொண்டது, தான்தான் நின்றுகொண்டே இருந்ததாகச் சொன்னார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். “கீழ என்னா போட்டிருக்குது, படிங்க டீச்சரம்மா” என்றார். நானும் வகுப்பில் படிப்பதுபோல் கணீரென்று படித்தேன்.

‘ராசாத்தி என்னும் பசுவுடன் பெயர் தெரியாத கிராமத்துப் பெண்.’

சிரிப்பு போய்விட்டது. அப்போதுதான் கேட்டார், நான் முதலில் சொன்ன கேள்வியை. அதோடும் விடவில்லை. “இத்தினி வருஷமா உங்க வூட்டுக்குப் பால் ஊத்தறேன். உங்களுக்குத் தெரியுமா எம் பேரு?”

எந்த ஸ்கூல் இன்ஸ்பெக்டரும் என்னை இப்படி மடக்கியதில்லை. நான் அவரைப் பால்காரம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். தெருவில் எல்லாரும் அப்படித்தான். அதற்கென்ன, அவர் மட்டும் என் பெயர் சொல்லியா கூப்பிடுகிறார்? நான் டீச்சரம்மா. எதிர்வீட்டில் தாலுகா ஆபீசம்மா. அதற்கடுத்து மாடிவீட்டம்மா. எங்கள் தெருவில் எல்லாப் பெண்களின் பெயரும் தெரிந்த ஒரே ஆள் போஸ்ட்மேன்தான்.

தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அவரே சொன்னார். அதை இப்போது உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. பிகு பண்ணவில்லை... முதலில் சொல்லவேண்டியவர் வேறு ஒருவர் இருக்கிறார்.

பால்காரம்மா அன்று முழுக்க இதையே நினைத்திருக்கிறார் போலிருக்கிறது. மறுநாள் காலையில் பாலை ஊற்றிவிட்டு, அங்கே நேரில் போய்ச் சொன்னால் மாற்றுவார்களா என்று கேட்டார். மாற்றலாம், ஆனால் கண்காட்சி முடிவதற்குள் போகவேண்டும், புத்தகம் அச்சாகிவிட்டால் அப்புறம் பிரம்மாவே வந்தாலும் முடியாது என்றேன். “அப்ப போலாம்” என்றார். ‘போலாமா’ இல்லை, ‘போலாம்’. என்னையும் சேர்த்து முடிவு பண்ணிவிட்டார் என்பது எனக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் புரிந்தது.

அந்த சனிக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்கு மோர் விற்கவேண்டும், நகர முடியாது. அதற்கடுத்த சனிக்கிழமை என்று ஏற்பாடு. அதுதான் கடைசி வாரம். காலைக் கறவை முடிந்ததும் கிளம்புவது, சாயங்காலக் கறவையை மூத்த பையன் மணி பார்த்துக்கொள்வது. ஏழுமலைக்கு மட்டும் இதில் இஷ்டமே இல்லை. “பேரு போட்டா இன்னா, போடாட்டி இன்னா, பால் ஜாஸ்தியா கறக்கப்போவுதா?” என்று கேட்டாராம். ஆனாலும் வந்தார். ஏன் தெரியுமா? ராசாத்தி செத்துப்போய் ரொம்ப வருஷமாகிவிட்டது. படத்திலாவது பார்க்கலாமே என்று ஆசை.

செஞ்சி, திண்டிவனம் என்று பஸ் போய்க்கொண்டே இருந்தது. ஏழுமலை ஜன்னலோரம் உட்கார்ந்து வழியில் தெரிந்த மாடுகளுக்கெல்லாம் மார்க் போட்டுக்கொண்டு வந்தார். பால்காரம்மா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுப் புடவை கட்டியிருந்தார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியும். அந்த முகம்தான்.

மியூசியத்து வாசலில் முதல் பிரச்சினை. ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டார். போட்டுக்கொண்டே போகலாம் பெரியவரே என்று வாட்ச்மேன் எவ்வளவோ சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்த ஏழுமலையின் கண்ணில் முதலில் பட்டது ஒரு வெண்கல அம்மன். சாமி இருக்கிற இடத்தில் செருப்பா? அவர் கேட்கவில்லை. அவரைப் பார்த்துப் பால்காரம்மாவும், அவர்களைப் பார்த்து வேறு வழியில்லாமல் நானும்... பல்கலைக்கழகத்து மொசைக் தரை நல்ல ஜில்லென்று இருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற அந்த அம்மனைப் பார்த்ததும் பால்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு விளக்கு இல்லை, ஒரு பூ இல்லை, இப்படி மொட்டையாக நிற்கவைத்திருக்கிறார்களே என்று தன் தலையிலிருந்து ஒரு இணுக்குப் பூவைக் கிள்ளிக் கண்ணாடிப் பெட்டி மேலே வைத்தார். வாட்ச்மேன் எடுத்தார். நாங்கள் நகர்ந்ததும் அவரே திரும்ப வைத்துவிட்டதை நான் பார்த்தேன். நல்ல மனுஷன்.

அப்புறம் ஓவியங்கள் இருந்த பெரிய ஹால். முதல் சுவரில் முழுக்க முழுக்க நீலமாகத் தீட்டி, மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் வைத்த ஓவியம். ஏழுமலை அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு அனுதாபத்தோடு சொன்னார்: “பாவம், வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள இன்னா அவசரமோ.” மாடர்ன் ஆர்ட்டைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு கருணை இருந்ததில்லை.

கடைசிச் சுவரில் பால்காரம்மா இருந்தார்.

பேப்பரில் கறுப்பு வெள்ளையில் பார்த்ததற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! கத்தரிப்பூக் கலர் புடவை, மத்தியான வெயில், பின்னால் நீலமும் பச்சையுமாக மலை. ஒல்லியாக, சின்ன வயசுப் பெண்ணாக, முறைத்துக்கொண்டு நின்றார். அசல் பால்காரம்மா தன்னையே அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். ஏழுமலைக்குக் கண் கலங்கிவிட்டது — பசுவைப் பார்த்து. “எங் கண்ணு... ராசாத்தி” என்றார், ஹால் முழுக்கக் கேட்கும்படி.

பால்காரம்மா திரும்பிப் புருஷனை ஒரு பார்வை பார்த்தார். படத்தில் இருக்கும் முறைப்பு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மியூசியத்தின் காப்பாளரைத் தேடிப்பிடித்து அழைத்துவந்தேன். சின்ன வயசுக்காரர். மெதுவான குரல், தடித்த கண்ணாடி. பொறுமையாகக் கேட்டார். பிறகு, அம்மா சொல்வதை நம்பாமல் இல்லை, ஆனால் படத்தில் இருப்பவரே வந்து ‘இது நான்தான்’ என்றால் அதை மட்டும் வைத்து மாற்ற முடியாது, வரைந்தபோது கூட இருந்த வேறு யாராவது சொல்லவேண்டும் என்றார். வரைந்தவரைக் கேட்கலாமென்றால் அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியவில்லையாம். காப்பாளரையும் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு முந்தின நாள்தான் ஒருத்தர் வந்து, வேறொரு ஓவியத்தில் இருக்கும் பாறை தன் பட்டா நிலத்தில் இருக்கிறது, தன்னைக் கேட்காமல் எப்படி வரையலாம் என்று சண்டை போட்டுவிட்டுப் போனாராம்.

கூட இருந்தவரா? இதோ நிற்கிறாரே ஏழுமலை! அன்றைக்கு வெள்ளைக்காரர் போகும் வரை அந்த இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்ததாகப் பால்காரம்மா சொல்லியிருந்தாரே.

காப்பாளர் அவரிடம் கேட்க ஆரம்பித்தார். முதலில் பசு. அவ்வளவுதான், ஏழுமலை மடை திறந்துவிட்டார். ராசாத்தி எந்தச் சந்தையில் வாங்கியது, இடது கொம்பு ஏன் சாய்ந்திருக்கிறது, நெற்றியில் உள்ள வெள்ளை எந்தக் கன்றுக்கு வந்தது எந்தக் கன்றுக்கு வரவில்லை, யார் கை வைத்தால் உதைக்கும், யாருக்குச் சுரக்கும்... ஹாலில் இருந்த மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். அன்று அந்தக் கண்காட்சியில் அதிகக் கூட்டம் சேர்ந்த இடம் அதுதான்.

பசு விஷயத்தில் காப்பாளருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. “சரிங்க. பக்கத்தில் நிற்கிறது யாரு?”

“எங்க வூட்ல சார்.”

“அவங்க பேர் என்ன?”

ஏழுமலை மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். “அதுங்கிட்டயே கேளுங்க சார்” என்றார்.

அவர் சொல்லிவிட்டார், நீங்கள் சொல்லவேண்டும் என்றார் காப்பாளர். ஏழுமலை சிரித்து மழுப்பினார். எனக்கு வந்ததே கோபம்! ஒரு பெயரைச் சொல்வதற்கா பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தோம்? நானே சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். நீங்கள் அன்று அங்கே இருந்தீர்களா என்றார் காப்பாளர். இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

காப்பாளர் விடவில்லை. வரைந்தவர் அன்றைக்குப் பெயரே கேட்கவில்லையா என்றார். அங்கேதான் ஏழுமலை மாட்டிக்கொண்டார்.

“கேட்டாரு சார். மாட்டு பேரைக் கேட்டாரு, சொன்னேன். இது பேரையும் கேட்டாரு...”

“சொல்லலியா?”

“அம்மா பக்கத்துல உக்காந்து புளி ஆஞ்சிக்கினு இருந்தாங்க சார்.”

அந்த நேரம், வரைந்து முடித்த படம் சாமிக்கு மோர் கொண்டுவர உள்ளே போயிருந்தாராம் பால்காரம்மா. இப்படி ஒருவர் தன் பெயரைக் கேட்டார் என்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும். புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றார். மாணவர்களும் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஏழுமலை விஷயத்தைச் சொன்னார்.

விஷயம் இவ்வளவுதான். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர். கல்யாணமாகி வீட்டுக்கு வந்த அன்றைக்கே மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் — என் பேரைச் சொல்லி நீ உன் பெண்டாட்டியை அதட்டினால் அது என்னை அதட்டுகிற மாதிரி, இந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் கூப்பிடக்கூடாது என்று. பெற்ற தாயின் பெயரை வாய்விட்டுச் சொல்லலாமா? பிள்ளைக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து அந்தப் பெண் ‘இந்தாமே’. மணி பிறந்த பிறகு ‘மணி அம்மா’. ஊரும் அப்படியே. கூப்பிட்டுக்கொண்டிருந்தது பிறந்த வீடு ஒன்றுதான். அங்கேயும் பெற்றவர்கள் போன பிறகு கூப்பிட ஆள் இல்லை.

குழந்தைக்குப் பெயர் வைக்க நாம் என்ன பாடு படுகிறோம்! நாள் பார்த்து, ஊரைக் கூட்டி, காதில் மூன்று தரம் சொல்லி, நாக்கில் சர்க்கரை வைத்து... அவ்வளவு ஆர்ப்பாட்டமாக வைத்ததை, பெண்ணாக இருந்தால், கல்யாணத்தன்று மடித்துப் பரணில் போட்டுவிடுகிறோம். மியூசியத்துக் கிடங்காவது தேவலை. என்றைக்காவது ஒருநாள் தூசி தட்டி வெளியே எடுக்கிறார்கள்.

இப்போது பால்காரம்மா பேசினார். புருஷனைப் பார்த்து இல்லை, காப்பாளரைப் பார்த்து. சத்தம் போடவில்லை.

“அத்தை இருந்த வரைக்கும் அது அத்தை பேரு. சரி சார், நான் ஒண்ணும் கேக்கல. அவங்க போயி சேந்து எத்தினியோ வருஷம் ஆச்சு. இப்ப அது யாரு பேரு சார்?”

இதற்குப் பதில் பல்கலைக்கழகத்தில் யாருக்குமே தெரிந்திருக்காது. ஏழுமலைதான் சொல்லவேண்டும்.

அந்த மனுஷரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. இடுப்புத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி இடுப்பில் கட்டினார். அம்மாவை மனசுக்குள் கும்பிட்டாரோ என்னவோ, ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் என்னமோ முணுமுணுத்தார்.

கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் காப்பாளர்.

ஏழுமலை மூச்சை இழுத்துப் பிடித்தார். மேய்ச்சலில் நிற்கும் மாட்டைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. விட்டார் பாருங்கள் —

“அலமேலு...”

ஹாலில் எதிரொலித்தது. வாட்ச்மேன் வாசலிலிருந்து ஓடி வந்தார். அதே நொடியில், யோசிக்காமல், பழக்கம் விட்டுப்போன பெயருக்குப் பழகிய மாதிரி, பால்காரம்மா திரும்பினார்.

“என்னா?” என்றார்.

அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இவர் மறுபடி ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு மாணவி கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். காப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி என்று சொல்லிக்கொண்டார்.

அங்கேயே ஒரு அட்டை எடுத்து, தன் கையாலேயே எழுதினார்: ‘அலமேலு — அடி அண்ணாமலை. உடன், ராசாத்தி என்னும் பசு.’ புத்தகத்திலும் இப்படியே வரும் என்று வாக்குக் கொடுத்தார். பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியதும் அலமேலு கிட்டே போய், எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். தொடக்கூடாது என்று வாட்ச்மேன் சொல்லவில்லை. கிளம்பும்போது ஏழுமலைக்கு ஒரே ஒரு கோரிக்கை பாக்கி இருந்தது. ராசாத்தியின் இடது கொம்பு கொஞ்சம் நேராக வந்துவிட்டதாம், அதையும் சரிபண்ண முடியுமா என்று கேட்டார். காப்பாளர் கைகூப்பி எங்களை வழியனுப்பினார்.

திரும்பி வந்து இன்றோடு ஒரு வாரமாகிறது. நேற்றுக் காலை பால் வாங்கும்போது, “என்ன அலமேலு, வீட்டில் எப்படி?” என்று விசாரித்தேன். சலித்துக்கொண்டார். எடுத்ததற்கெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாராம். அலமேலு, கயிறு எங்கே? அலமேலு, சோத்தைப் போடு. அலமேலு, மணி எங்கே போனான்? நாள் முழுக்க இதே வேலையாம். காதே வலிக்கிறதாம்.

வேண்டுமானால் நான் வந்து கம்மி பண்ணிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“அய்யோ, வேணாம் டீச்சரம்மா” என்றார் அவசரமாக. தூக்கை மூடிக்கொண்டே, எதிர்வீட்டுக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நானே மொத தடவ கூப்பிட்டா போறதில்ல. காது கேக்காத மாதிரி இருந்துடறேன். ரெண்டாவது தடவ கூப்பிடட்டும்னு.”